முதல் டென்ட் ராத்திரி எங்கே? மாடி, கேம்ப், தோப்பு, மலைவீட்டு முற்றம்

என் சகலை ஈரோட்டில் இருக்கிறார். போன வாரம் போன் செய்து, “சகல, பொங்கல் லீவுக்கு டென்ட்லதான் தங்கணும்னு பசங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்கதான் நாலஞ்சு தடவ போய்ட்டு வந்திருக்கீங்களே, எது சரிப்படும்?” என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். பாதியை அவர் அப்போதே மறந்திருப்பார். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் சேலம். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், முழங்கால் வலியோடு அம்மா. இரண்டு வருடத்தில் நான்கு விதமாக டென்ட்டில் தங்கிப் பார்த்துவிட்டோம். முதலில் வீட்டு மொட்டை மாடி, அப்புறம் காசு கட்டிப் போகும் கேம்ப், பிறகு நண்பரின் தோப்பு, கடைசியாக ஏற்காட்டில் ஒரு தங்கும் வீட்டின் முற்றம். இதில் எதைத் திரும்பச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதுதான் விஷயம்.

முதலிலேயே ஒன்று. இணையத்தில் டென்ட் படங்கள் எல்லாமே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, மேகத்துக்கு நடுவில்தான் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர் அந்தப் படத்தைப் பார்த்து இடம் பிடிக்கக்கூடாது. கழிப்பறை எத்தனை அடி தூரம், கார் எத்தனை அடி தூரம் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சரியாக இருந்தால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்கு எப்படியும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் தெரியாது.

மொட்டை மாடி

சிரிக்க வேண்டாம். ஊருக்கு வெளியே போவதற்கு முன் ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இருட்டில் ஜிப்பைத் தேடும்போது பையன் பயப்படுவானா, பக்கத்தில் ஆள் புரண்டால் உங்களுக்குத் தூக்கம் கெடுமா, குனிந்து குனிந்து வெளியே வருவது இடுப்புக்கு ஒத்துவருமா என்பதையெல்லாம், வீட்டுக் கழிப்பறை ஒரு மாடிக்குக் கீழே இருக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். ஒத்துவரவில்லை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விடலாம். நஷ்டம் ஒன்றுமில்லை.

முதல் தடவை டென்ட்டை நிற்கவைக்க எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. கம்பியை எந்தத் துணிக்குழாய்க்குள் விடுவது என்று தெரியாமல், பெண் விளக்கப் படத்தைப் பிடித்துக்கொண்டு “அப்பா, அது தலைகீழா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை பன்னிரண்டு நிமிடம். இந்த ஐம்பது நிமிடத்தை மலைமேல், மழை இருட்டிக்கொண்டு வரும்போது கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு கம்பிகள் குறுக்காக வளைந்து தாங்கும் டோம் வகை டென்ட் என்றால் ஆணி அடிக்காமலே நிற்கும். ஆனால் காற்று வந்தால் பட்டம் மாதிரி கிளம்பிவிடும். நான்கு மூலையிலும் உள்ளே ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் வைத்துவிடுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. இன்னொன்று, மாசி தாண்டிவிட்டால் மாடி சரிப்படாது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் நடுராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். நாலு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது.

தையில் அப்படியில்லை. மேல்துணியைக் கழற்றிவிட்டு வெறும் வலைக்கூரையின் கீழ் படுத்தோம். எட்டு மணிக்கெல்லாம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்துவிட்டது. பழைய ஆட்கள் அதை அறுமீன் என்பார்கள். ஆறு தெரிகிறதா என்று எண்ணச் சொன்னேன். பெண் ஐந்து என்றாள், பையன் நூறு என்றான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ரோகிணியையும் திருவாதிரையையும் காட்டினார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மாடியில் கற்றுக்கொள்ள முடியாதவையும் உண்டு: தரையின் ஈரம், ஆணி, மழை. அதோடு தெரு நாய்களின் கச்சேரி வேறு.

காசு கட்டும் கேம்ப்

டென்ட், மெத்தை, சாப்பாடு, நெருப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். நாம் துணிமணியோடு போனால் போதும். டென்ட் வாங்காமல் ருசி பார்க்க நினைப்பவருக்கு இது சரியான வழி என்றுதான் நானும் நினைத்தேன். அம்மா வரவில்லை. நாங்கள் நாலு பேர் போனதற்கு, குழந்தைகளுக்குப் பாதி விலை போட்டு, நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. எந்த மலை, எந்த இடம் என்பது வேண்டாம்.

வரிசையாகப் பதினான்கு டென்ட். கழிப்பறை இரண்டு, அதுவும் சரிவுக்குக் கீழே. ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் எழுப்பினான். செல்போன் வெளிச்சத்தில், பனியில் நனைந்த புல்லில், அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எண்ணினேன், நூற்று எண்பது அடி. போய்ச் சேர்ந்தபோது ஒன்று பூட்டியிருந்தது, இன்னொன்றில் தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்து படுத்தால் பக்கத்து டென்ட் இளவட்டங்களின் பாட்டு இன்னும் ஓயவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் மலைமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

கேம்ப் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. நான் போனில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ‘வியூ எப்படி சார்?’ என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு. கழிப்பறை எத்தனை, எங்கள் டென்ட்டிலிருந்து எத்தனை அடி, வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரியுமா? குடும்பங்களுக்குத் தனி இடம் உண்டா? எத்தனை மணிக்குப் பாட்டு நிற்கும்? ராத்திரி அங்கேயே ஆள் இருப்பாரா? இப்படிக் கேட்கும்போது எதிர்முனையில் இழுத்தாரானால், அதுவே பதில். இன்னொரு தந்திரமும் உண்டு: பள்ளி விடுமுறைக் காலத்தில் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு ராத்திரி போங்கள். இளவட்டம் எல்லாம் திங்கட்கிழமை வேலைக்கு இறங்கியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, காட்டின் எல்லை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. யானை நடமாடும் இடத்தில் துணிச்சுவர் எதற்கும் பயன்படாது. ‘யானை பாக்கலாம் சார், கேரண்டி’ என்று ஒரு கேம்ப்காரர் பெருமையாகச் சொன்னால் குடும்பத்தோடு போகிறவர் அங்கே போகவே வேண்டாம். அதே மாதிரி காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் டென்ட் போட வைப்பவர்களிடமும் போகாதீர்கள். மாட்டினால் வழக்கு நம் பேரிலும் வரும்.

நெருப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். அந்த மாதங்களில் ‘கேம்ப் ஃபயர்’ என்ற ஆசையே வேண்டாம். மற்ற மாதங்களிலும் டென்ட்டிலிருந்து தள்ளி, காற்று டென்ட் பக்கம் அடிக்காத திசையில்தான். ஒரு பொறி போதும், டென்ட் துணியில் ஓட்டை விழும். குளிருகிறது என்று கரி அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு சேரும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தோப்பு

கேம்ப்பில் பட்டதால் அடுத்தது நம் டென்ட், நம் இடம் என்று கிளம்பினோம். ஆத்தூர்ப் பக்கம் நண்பருக்குத் தென்னந்தோப்பு. சித்திரை மாதம். நிழலும் குளிர்ச்சியுமாக இருந்தது. மரத்தடியில் டென்ட்டை விரிக்கப் போனேன். தோப்பில் வேலை செய்யும் பெரியவர் ஒன்றும் பேசாமல் மேலே கையைக் காட்டினார். தேங்காய்க் குலை. பக்கத்தில் விழக் காத்திருந்த மட்டை. தென்னைக்கடியில் டென்ட் போடக்கூடாது என்பதை அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தில் இருக்கிற எனக்குத்தான் வேண்டியிருந்தது.

மோட்டார் ரூம் பக்கம் வெட்டவெளியில் போட்டோம். ராத்திரி ஒன்பதரைக்குக் கோடை மழை, இடியோடு. மின்னல் அடிக்கும்போது டென்ட்டில் இருக்கக்கூடாது, கார்தான் பாதுகாப்பு. எல்லோரும் காருக்கு ஓடினோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் டென்ட் தரை தண்ணீர் மெத்தை மாதிரி தளும்பியது. மேலிருந்து ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தப்பு என்னுடையது. டென்ட் அடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தேன், பெரிதாக, நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு. டென்ட் கூரையில் விழுந்த தண்ணீரெல்லாம் அந்த விளிம்பில் இறங்கி, வாய்க்கால் வெட்டிவிட்டதுபோல அடியில் வந்து சேர்ந்துவிட்டது. தார்ப்பாய் டென்ட் தரையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஒரு ராத்திரி தூக்கம் போனது.

தோப்பில் நல்லது என்னவென்றால் சத்தமில்லை, கூட்டமில்லை, காசில்லை. கெட்டது, கழிப்பறையும் இல்லை. ஆண்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. என் மனைவி சாயங்காலம் ஐந்து மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. சித்திரை வெயிலில் அப்படி இருப்பது உடம்புக்கு நல்லதா? அதனால்தான் முதல் கேள்வியே கழிப்பறை என்கிறேன்.

பாம்பு பயம் எல்லோருக்கும் வரும். டென்ட் இந்த ஒரு விஷயத்தில் கயிற்றுக்கட்டிலைவிட மேல். தரையும் சுவரும் ஒன்றாகத் தைத்து, ஜிப் முழுசாக மூடும் டென்ட்டுக்குள் பாம்பு வராது. ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டு ‘காத்து வரட்டும்’ என்று படுப்பதுதான் ஆபத்து. கட்டுவிரியன் ராத்திரியில்தான் இரை தேடும், தரையில் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். தின்பண்டம் உள்ளே இருந்தால் எலி வரும், எலியைத் தேடி அது வரும். சாப்பாட்டுப் பொருள் எல்லாம் காரில். காலையில் செருப்பு, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவது. ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108, உடனே அரசு மருத்துவமனை. கிளம்புவதற்கு முன்பே பக்கத்து மருத்துவமனை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பைவிடச் சின்னது ஒன்று உண்டு, யாரும் நினைப்பதில்லை. புதர், உயரமான புல் இருக்கும் இடங்களில் கண்ணுக்கே தெரியாத அளவுப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். புல்லில் நேராக உட்காராமல் எதையாவது விரித்து உட்காருங்கள், குழந்தைகளுக்கு முழுக்கால் பேன்ட் போடுங்கள். போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், “வெளியில் டென்ட்டில் தங்கினோம்” என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு வரி தகவல் வைத்தியத்தைச் சீக்கிரம் சரியான பக்கம் திருப்பும்.

மலைவீட்டு முற்றம்

இதுதான் நான் சகலைக்குச் சொன்ன பதில். ஏற்காட்டில் ஒரு தங்கும் வீட்டில் ஒரே ஒரு அறை எடுத்தோம். எடுக்கும் முன்பே, “முற்றத்தில் எங்கள் டென்ட்டைப் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டோம். வீட்டுக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்தது. “தாராளமா போடுங்க” என்றார். அம்மாவுக்குக் கட்டில், அறை, வெந்நீர். நாங்கள் நாலு பேரும் முற்றத்தில், கழிப்பறைக்கு இருபத்தைந்து அடியில். நடுராத்திரி பையன் “எனக்கு ஆச்சிகிட்ட போகணும்” என்றான். போனான். பெண் விடியும்வரை டென்ட்டில்தான் இருப்பேன் என்று வீம்பாக இருந்தாள். இரண்டு பேருக்கும் அவரவர் கேட்டது கிடைத்தது.

இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. ‘அறையும் எடுத்து டென்ட்டும் போட்டால் அது என்ன கேம்ப்பிங்?’ என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. செலவு என்று பார்த்தால் கேம்ப்பைவிட இது கொஞ்சம் கூடத்தான், டென்ட் வேறு சொந்தமாக வேண்டும். அல்லது இரவல் வாங்கலாம். சகலைக்கு என்னுடையதைத்தான் தரப்போகிறேன். ஒரு தடவைக்காக யாரும் வாங்க வேண்டாம்.

எந்த மலை என்பதும் ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் மூன்று. கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு 20. ஏலகிரிக்கு 14, அதில் பலவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயர். வளைவில் குமட்டும் குழந்தை இருந்தால் இந்த எண்ணே முடிவு செய்துவிடும். என் பையன் கொல்லிமலையில் முப்பதாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தையும் மீறிவிட்டான். அன்று சாயங்காலம் டென்ட் போட்டிருந்தால் யாரும் சந்தோஷமாக இருந்திருக்கமாட்டோம்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் முந்நூறுக்கும் கீழே. ஆக, சேலத்தில் தை ராத்திரி 20 டிகிரி என்றால் ஏற்காட்டில் 12 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி ஆயிரத்துச் சொச்சம்தான், அவ்வளவு குளிராது. முதல் தடவை, சின்னக் குழந்தை என்றால் ஏலகிரி. குளிரை அனுபவிக்க ஆசையிருந்து, பின்னால் அறையும் இருந்தால் ஏற்காடு. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல்; தை, மாசியில் அங்கே டென்ட் என்பது நாலைந்து தடவை பழகியவர்களுக்கு.

எதில் படுப்பது

குளிர் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. எல்லோரும் இரண்டு கம்பளியை மேலே போர்த்திக்கொண்டு கீழே ஒரு போர்வையோடு படுப்பார்கள். தலைகீழ். காற்றடைத்த மெத்தை பார்க்கச் சொகுசு, ஆனால் உள்ளே இருக்கும் காற்றும் ராத்திரி குளிர்ந்துவிடும். ஒரு முள் பட்டால் கதை முடிந்தது. நாங்கள் எல்லாம் முயன்று பார்த்துவிட்டு வந்து சேர்ந்த இடம்: கீழே கோரைப்பாய், அதன்மேல் யோகா பாய், அதன்மேல் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து. கோரைப்பாய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வீட்டிலேயே இருக்கிறது, காசும் இல்லை.

டென்ட் அளவில் ஏமாறாதீர்கள். ‘நாலு பேர் டென்ட்’ என்றால் ஆளுக்கு 60 சென்டிமீட்டர் கணக்கில் அடுக்கினால் நாலு பேர். சாதாரண ஒற்றைக் கட்டிலே 90 சென்டிமீட்டர். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் அது சரியாக இருக்கும், பைகள் காரில். நாலு பெரியவர் என்றால் ஆறு பேர் டென்ட். ஒற்றைத் துணி டென்ட் விலை குறைவு; ஆனால் வலை உள்துணியும் தனி மேல்துணியுமாக இரண்டு அடுக்கு உள்ளதையே தேடுங்கள். ஏற்காட்டில் விடியற்காலை நாலு மணிக்கு என் மனைவி, “ஒழுகுது, எந்திரிங்க” என்று எழுப்பினார். வெளியே மழையே இல்லை. நாங்கள் மூச்சு விட்ட ஈரம் மேல்துணியில் முத்து முத்தாகக் கோத்து நின்று, யாரோ புரண்டதில் சிதறியது. குளிருகிறதே என்று மேல் ஜன்னலை நான்தான் அடைத்து வைத்திருந்தேன். திறந்துவிட்டோம், நின்றுவிட்டது. மேல்துணியின் விவரத்தில் 2,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். நம் கோடை மழைக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த எண் போட்டிருந்தாலும் வீட்டிலேயே இருங்கள்.

சாப்பாட்டில் வீரம் வேண்டாம். முதல் ராத்திரிக்குக் கட்டுச்சோறுதான்: புளியோதரை, பாலில் பிசைந்து உறை ஊற்றிய தயிர்சாதம், உருளை வறுவல். அடுப்பு காலை டீக்கு மட்டும், அதுவும் டென்ட்டுக்கு வெளியே.

திரும்பி வந்ததும் டென்ட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள், சகல. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைக்கே மாடிக்கொடியில் விரித்துப் போடுங்கள், தையல் ஓரம்வரை காய வேண்டும். ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் கருப்புப் புள்ளி விழுந்து, உளுத்த வாடை வரும். அப்புறம் எனக்குத் திருப்பித் தரும்போது ஆணிகளை எண்ணித் தாருங்கள். மொத்தம் பன்னிரண்டு. ஒன்று ஏற்கெனவே வளைந்ததுதான், அது ஆத்தூரில் நான் கல்லால் அடித்தது.